வீட்டுத் திரையரங்கக் கணினிக்கேற்ற முறைவழியாக்கி

ஒரு பொருளை வாங்கப் புகுவோர், அப்பொருள் ஆற்றவேண்டிய தொழில் யாது என்பதை முதற்கண் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். அங்ஙனஞ் செய்யாது விலையையோ விளம்பரத்தையோ மாத்திரம் நோக்கி வாங்குவோர், தேவைக்கு மிஞ்சியதைப் பெருவிலை கொடுத்துப் பெறுவர். அன்றேல், தேவைக்குப் போதாததைச் சிறுவிலைக்குப் பெற்றுப் பின்னர் இரங்குவர். இவ்வுண்மை வீட்டுத் திரையரங்கக் கணினிக்குப் பெரிதும் பொருந்தும். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கப்பட்டு, திரைப்படம், இசை, குடும்ப நிகழ்ச்சிப் பதிவு முதலியவற்றைக் காட்டுதற்கென அமைக்கப்படும் சிறு கணினியே ஈண்டு அப்பெயராற் குறிக்கப்படுகின்றது. பழைய மாணவர் சிலர் தம் இல்லத்தில் இதனை அமைக்க விரும்புவர். வேறு சிலர் தாம் கற்ற பாடசாலைக்கோ ஊர் வாசிகசாலைக்கோ அன்பளிப்பாக வழங்க எண்ணுவர். இருசாரார்க்கும் பயன்படுமாறு, அக்கணினிக்கு உயிர்போன்ற முறைவழியாக்கியைத் தெரிந்தெடுக்கும் முறையினை ஆராய்வாம்.

1. தொழில் யாது?

இன்று "4கே" என வழங்கும் திரையில் ஒரு படத்துக்கு 3840 × 2160, அஃதாவது 8,294,400 புள்ளிகள் உள. புள்ளி ஒன்றின் நிறத்தைக் குறிக்க 24 பிற்றுக்கள் வேண்டுமெனவும், திரைப்பட வழக்கின்படி செக்கனுக்கு 24 படங்கள் தோன்றுமெனவும் கொள்வோமாயின், செக்கன் ஒன்றுக்கு ஏறக்குறைய 478 கோடி பிற்றுக்கள் திரையைச் சென்றடைதல் வேண்டும். ஆயின், 4கே திரைப்படத் தட்டு ஒன்றிலிருந்து வரும் தரவோ செக்கனுக்கு 12.8 கோடி பிற்றுக்கு மேற்படாது. இணையவழி வருவது இதனினும் மிகக் குறைவு.

இவ்வளவு பெரிய படம் அவ்வளவு சிறிய தரவினுள் அடங்குவது எங்ஙனம்? சூத்திரத்தினுள் விரிந்த பொருள் அடங்குவதுபோல என்க. முந்திய படத்திலிருந்து மாறாத பகுதியை மீண்டும் எழுதாது, மாறியதனை மாத்திரங் குறித்துச் சுருக்குவர். சூத்திரத்துக்கு உரைகாரன் வேண்டப்படுவதுபோல, சுருக்கிய காணொளியை விரித்துக் காட்டவும் ஒருவன் வேண்டும். வீட்டுத் திரையரங்கக் கணினியின் தலையாய தொழில் இவ்வுரை விரித்தலேயாம்.

சுருக்கும் முறைகளும் காலந்தோறும் வளர்ந்துள்ளன. டி.வி.டி. தட்டுக்களில் எம்பெக்-2 என்னும் முறை கையாளப்பட்டது. 2003ஆம் ஆண்டில் எச்.264 என்பதும், 2013இல் எச்.ஈ.வி.சி., வி.பி.9 என்பனவும், 2018இல் ஏ.வி.1 என்பதும் வெளிவந்தன. பிந்தியது ஒவ்வொன்றும் அதே தெளிவினைக் குறைந்த தரவிற் தரும். ஆயின், சூத்திரஞ் சுருங்கச் சுருங்க உரை கடினமாதல்போல, அதனை விரிக்கும் உழைப்பும் மிகும்.

2. விரிக்கும் வழி இரண்டு

காணொளியை விரித்தற்கு இருவழி உள. முறைவழியாக்கியின் பொதுக் கருக்கள் மென்பொருளின் ஏவலால் அதனை விரித்தல் ஒன்று. விரித்தலுக்கென்றே சிலிக்கனிற் பொறிக்கப்பட்ட தனிச் சுற்றொன்று அதனை விரித்தல் மற்றையது. முதலாவது வழியில் எம்முறையையும் விரிக்கலாம். ஆனாற் கருக்கள் முழுவலுவுடன் இயங்க நேரும். மின் செலவாகும், வெப்பம் எழும், விசிறி இரையும், வலு போதாதவிடத்துப் படம் தடுமாறித் தடுமாறி ஓடும். இரண்டாவது வழியில் மின் மிகச் சிறிதே செலவாகும். கருக்களும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஆனால், எந்த முறைக்கென அச்சுற்று ஆக்கப்பட்டதோ அந்த முறையை மாத்திரமே அது விரிக்கும்.

ஆதலின், மலிவும் குறைந்த மின்வலுவும் ஒருங்கே வேண்டுவோர், "இம்முறைவழியாக்கியில் எத்தனை கருக்கள்? எவ்வளவு வேகம்?" என வினவுதலினும், "இதன் தனிச்சுற்று எம்முறைகளை விரிக்கும்?" என வினவுதலே தக்கது. இதற்குச் சான்றாக இன்ரெல் நிறுவனத்தின் சிறுவலு வரிசையைக் காண்க. 2013இல் வந்த செலரோன் ஜே1900, 2016இன் ஜே3455, 2017இன் ஜே4105, 2021இன் என்5105, 2023இன் என்100 ஆகிய ஐந்தும் நான்கு கருக்களை உடையன. எனினும், ஜே1900 எச்.264ஐ விரிக்குமேயன்றி எச்.ஈ.வி.சி.யை விரிக்கும் சுற்று உடையதன்று. ஜே3455 எச்.ஈ.வி.சி.யைப் பத்துப் பிற்று நிறநுட்பத்துடன் விரிக்கும். ஜே4105 அந்நிறநுட்பத்துடன் வி.பி.9ஐயும் விரிக்கும். என்5105இன் கருக்கள் இவற்றினும் விரைவுடையன, ஆயினும் ஏ.வி.1 அதற்கும் இல்லை. என்100இலேயே இவையாவும் ஒருங்கு அமைந்தன.

விரைவு வேறு, தகுதி வேறு என்பதற்கு மற்றோர் உதாரணமும் உண்டு. 2019இல் வெளிவந்த றாஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினியில் எச்.264க்கும் எச்.ஈ.வி.சி.க்கும் தனிச்சுற்றுக்கள் இருந்தன. 2023இல் வந்த ஐந்தாம் பதிப்பு பன்மடங்கு விரைவுடையதாயினும், அதில் எச்.264க்கான சுற்று விலக்கப்பட்டது. கருக்களே அப்பணியை ஆற்றும் என ஆக்கியோர் கருதினர். புதியது பழையதன் தகுதி முழுவதையும் உடையதாயிருக்கும் எனக் கொள்ளலாகாது.

3. உவாற்றுக் கணக்கு

முறைவழியாக்கிக்கு எதிரே "6 உவாற்று", "10 உவாற்று", "35 உவாற்று" என எழுதப்பட்டிருத்தலைக் காண்கின்றோம். இது தொடர்ந்து உழைக்கும்போது எழும் வெப்பத்தை அகற்றும் அமைப்பு எத்துணைத் திறமுடையதாய் இருத்தல் வேண்டும் என்பதைக் குறிக்கும் அளவே. கணினி முழுவதும் சுவரிலிருந்து எடுக்கும் மின்வலுவன்று. 6 உவாற்று எனக் குறித்த என்100கூடச் சிறிதுநேரம் அவ்வெல்லையை மீறி இயங்க வல்லது. 35 உவாற்று எனக் குறித்ததும் ஓய்ந்திருக்கையிற் சில உவாற்றே எடுத்தல் கூடும்.

2008இல் வந்த அற்றொம் 230இன் வரலாறு இதனை நன்கு விளக்கும். அதற்குக் குறித்த அளவு 4 உவாற்று மாத்திரமே. ஆயின், அதனோடு இணைக்கப்பெற்ற 945ஜீசி என்னும் துணைச் சில்லுக்கு 22 உவாற்றளவு குறிக்கப்பட்டிருந்தது. ஏவலாளன் அரசனிலும் ஐந்து மடங்கு உண்டான் என்க. உயர்தெளிவுக் காணொளியை விரிக்கவும் அவ்விணைக்கு இயலவில்லை. 2011இல் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ஈ-350, 18 உவாற்றளவு உடையதாயினும், கருவையும் வரைவியற் பகுதியையும் ஒரே சில்லில் அமைத்து, எச்.264ஐ விரிக்கும் சுற்றினையும் கொண்டிருந்தமையால் இத்தொழிலுக்கு மேலானதாயிற்று.

இனி, மின்கட்டணத்தைக் கருதுவாம். படங்காட்டுகையில் 60 உவாற்று எடுக்கும் பழைய மேசைக்கணினி ஒன்றையும், 10 உவாற்று எடுக்கும் சிறு கணினி ஒன்றையும் ஒப்பிடுக. வேறுபாடு 50 உவாற்று. நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் இயக்கின் ஆண்டுக்கு 109.5 அலகு; மாதத்துக்கு ஒன்பது அலகுக்குச் சிறிது மேல். இரவும் பகலும் அணைக்காது விடின் ஆண்டுக்கு 438 அலகு. மாதத்துக்கு 36 அலகுக்கு மேல். நம் நாட்டில் மாதப் பாவனை ஒவ்வொரு படியையுந் தாண்டும்போது அலகின் விலையும் உயர்வதால், இம்மேலதிக அலகுகள் கட்டணத்தை அடுத்த படிக்குத் தள்ளிவிடவுங் கூடும். பாடசாலைக்குப் பழைய கணினியை இலவசமாக வழங்கும் அன்பர், அதன் மின்கட்டணத்தை ஆண்டுதோறும் இறுப்பவர் யாவர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். கொடை பெறுவார்க்குச் சுமையாகும் கொடை நிறைந்த கொடையாகாது.

4. எதனைத் தெரிதல்?

புதிதாக வாங்குவோர்க்கு என்100 வகையினதோ, அதன்வழி 2025இல் வந்த என்150 வகையினதோ பொருத்தமாகும். இவை பெரும்பாலும் தாய்ப்பலகையிற் பொருத்தப்பட்டே வருவன. ஆதலின், முறைவழியாக்கியைத் தெரிதலே கணினியைத் தெரிதலுமாகும். எட்டுக் கிகாபைற்று நினைவகம் இத்தொழிலுக்குப் போதும். பதினாறு கரு உடையதை வாங்கியும் படம் இதனினும் அழகாகத் தோன்றாது.

பழையதை வாங்க நேர்வோர், அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்ட சிறு கணினிகளை நாடலாம். இங்கே தலைமுறை நோக்குதல் இன்றியமையாதது. இன்ரெலின் ஆறாந் தலைமுறையினதான ஐ5-6500ரி எச்.ஈ.வி.சி.யை எட்டுப் பிற்று அளவிலேயே தனிச்சுற்றால் விரிக்கும். ஏழாந் தலைமுறையினதான ஐ5-7500ரி பத்துப் பிற்றையும் விரிக்கும். 4கே திரைப்படங்கள் பெரும்பாலும் பத்துப் பிற்றுடையன. இரண்டும் நான்கு கருவும் 35 உவாற்றளவும் உடையன. பெயரில் ஓர் இலக்கமே வேறுபாடு. அவ்வோர் இலக்கம் படம் இழுமெனச் செல்லுமா, தடுமாறுமா என்பதைத் தீர்மானித்துவிடும். கடல்கடந்து வாழும் பிள்ளைகள் அனுப்பும் கைத்தொலைபேசிப் பதிவுகள் பல எச்.ஈ.வி.சி. முறையின. பேரப்பிள்ளையின் முகத்தைக் காணக் காத்திருக்கும் முதியோர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

வேறு சிலவும் கவனிக்கத்தக்கன. 4கே படத்தைச் செக்கனுக்கு அறுபது முறை காட்ட எச்.டி.எம்.ஐ. 2.0 வாயில் வேண்டும். விசிறியற்ற கணினி ஒலியெழுப்பாது. ஆனால் எமது வெப்பநாட்டில் அதனை மூடிய அலுமாரியுள் வைத்தலாகாது. கட்டணம் பெறும் இணையப் படச் சேவைகள் சில, தம் மிக்குயர் தெளிவை எல்லாக் கணினிக்கும் எல்லாப் பணிசெயல் முறைமைக்கும் வழங்குவதில்லை. இது வலுக்குறைவாலன்று; உரிமைக் காப்பு விதியால் நேர்வது. அச்சேவைகளே முதல் நோக்கமாயின் அதனை முன்னரே விசாரித்தறிக.

5. வாங்குமுன் செய்யத்தக்க சோதனை

பத்துப் பிற்று எச்.ஈ.வி.சி. 4கே பதிவொன்றைச் சிறு நினைவுக்கோலிற் கொண்டுசென்று, விற்போர் முன்னிலையில் இயக்குக. விண்டோஸ் முறைமையிற் பணிமுகாமையாளரைத் திறந்து, கருக்களின் உழைப்பு வீதத்தைப் பார்க்க. அது சிறிதாயிருப்பின் தனிச்சுற்று பணிபுரிகின்றது. நூறை அணுகின், கருக்களே சுமை தாங்குகின்றன எனத் துணியலாம். கால்மணி நேரம் ஓடவிட்டு விசிறியின் ஒலியையும் கேட்க. இயலுமாயின், உவாற்றுமானி ஒன்றைச் சுவர்ச் செருகியில் இட்டு அளக்க.

இதுகாறுங் கூறியவற்றாற் போந்த பொருள் இது: தொழிலை வரையறுக்க, அத்தொழிலுக்குரிய தனிச்சுற்று உளதா என நோக்குக, எழுதிய உவாற்றை நம்பாது அளந்த உவாற்றை நம்புக, விலையோடு ஆண்டுக்கட்டணத்தையும் கூட்டுக. மாணவர் இக்கணக்கினைத் தம் வீட்டுக் கருவி ஒவ்வொன்றுக்குஞ் செய்து பழகுவாராயின், வகுப்பறையிற் கற்ற பௌதிகம் குடும்பத்தின் பொருளைக் காக்குங் கருவியாக அவர்க்கு அமையும். கற்றதன் பயன் அதுவே.