வேலையை விலைக்கு வாங்கலாமா?

குடும்பத்தில் கூடி வாசித்து ஆலோசிக்கத்தக்க ஒரு பாடம்



ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது நம்மில் ஒருவர் மற்றவரைக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பிக்கு ஏதாவது கிடைத்ததா?" என்பதே அது. கேட்பவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். ஆனால் பட்டம் வாங்கி இரண்டு வருஷமாக வீட்டிலிருக்கும் பிள்ளையின் தாய்க்கு அந்தக் கேள்வி முள்ளாய்த் தைக்கிறது. "பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்று சொல்லிவிட்டு அவள் விரைவாக வீட்டுக்கு நடக்கிறாள். அன்று சாயங்காலமே தெரிந்தவர் ஒருவர் வருகிறார். "அக்கா, சென்னையிலே பெரிய இடத்திலே எனக்கு ஆள் இருக்கிறார். மூன்று லட்சம் வைத்தால் தம்பிக்கு உத்தியோகம் நிச்சயம். ஆனால் இந்த வாரமே கட்ட வேண்டும்" என்கிறார். மறுநாள் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது.

இது யார் வீட்டுக் கதை என்று தேட வேண்டாம். எந்தத் தெருவிலும் நடக்கக் கூடியது. ஆகையால் இவ்வாரம் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். வேலை அரிதான காலத்தில் அதைக் காசு கொடுத்து வாங்கலாமா? கூடாது என்பதே நமது விடை. ஏன் கூடாது என்பதையும், வாங்காமல் வேறு என்ன செய்வது என்பதையும் வரிசையாகக் கவனிப்போம்.

1. நெருக்கடி மெய்தான்

"முயன்றால் கிடைக்காதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 2024 ஜூன் மாதம் நமது மாநில அரசுப் பணியாளர் தேர்வாணையம் நான்காம் தொகுதித் தேர்வு நடத்தியது. முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்களோ சுமார் 20 லட்சம் பேர். அதாவது ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல்! ஒருவர் உட்கார்ந்த பின் மற்ற முந்நூறு பேரும் சோம்பேறிகள் என்றோ மூடர்கள் என்றோ சொல்ல முடியுமா? அவர்களில் இராக்கண் விழித்துப் படித்தவர்கள் எத்தனை பேர்!

எனவே முதலாவது அறிய வேண்டியது யாதெனில், வேலை கிடைக்காதிருப்பது குற்றமல்ல, அவமானமுமல்ல. இதை வீட்டார் மனதில் பதித்துக்கொண்டால் பாதி ஆபத்து நீங்கிவிடும். ஏனென்றால் ஏமாற்றுக்காரனுக்கு முதலீடு நமது அவசரமே. அந்த அவசரம் வெட்கத்திலிருந்து பிறக்கிறது.

2. அரசாங்க உத்தியோகத்துக்குப் பணம்

நான்காம் தொகுதிக்கு நேர்முகத் தேர்வு கிடையாது. எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணும் இட ஒதுக்கீட்டு விதிகளுமே தீர்மானிக்கின்றன. ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். சில பிரிவினருக்குத் தேர்வுக் கட்டணச் சலுகையும் உண்டு. அவ்வளவுதான் செலவு. இதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் கள்ளப் பணமே.

"கொடுத்தவர்களுக்குக் கிடைத்திருக்கிறதே" என்பீர்கள். 2019 செப்டம்பரில் நடந்த இதே தேர்வில் நேர்ந்ததைக் கேளுங்கள். இராமநாதபுரம் மாவட்டத்து மையங்கள் சிலவற்றில் எழுதியவர்கள் மிக உயர்ந்த இடங்களைப் பிடித்தார்கள். சந்தேகம் எழுந்து விசாரித்தபோது, சிறிது நேரத்தில் மறைந்துபோகும் மையால் விடைகளைக் குறித்ததும், வழியில் விடைத்தாள்கள் திருத்தப்பட்டதும் வெளியாயிற்று. 2020 ஜனவரியில் 99 பேர் தேர்வாணையத்தின் தேர்வுகளை எழுத ஆயுள் முழுவதும் தடை செய்யப்பட்டார்கள். பணம் போயிற்று, பெயர் போயிற்று. நேர்மையாகப் படித்துத் தேறியிருக்கக்கூடிய வாய்ப்பும் என்றென்றைக்கும் போயிற்று.

அன்றியும், வாங்குபவர் மட்டுமே குற்றவாளி என்று எண்ணாதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டம் 2018-ல் திருத்தப்பட்ட பிறகு, லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. கட்டாயத்தின் பேரில் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாட்களுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால் அவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள், மனசாட்சியைக் கேளுங்கள். நமது பிள்ளை பணத்தால் உட்காரும் நாற்காலி யாருடையது? பணமில்லாத வேறொரு தாயின் பிள்ளை படித்துச் சம்பாதித்த நாற்காலி அது. பிறர் பொருளை எடுப்பது களவென்று சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தோம். பிறர் பிழைப்பை எடுப்பது அதனிலும் சிறியதா?

3. கடல் கடந்த வேலை

வெளிநாடு சென்று உழைப்பதில் தவறில்லை. நமது பங்கிலும் எத்தனையோ வீடுகளுக்கு ஓடு போட்டதும், தங்கைகளைக் கரையேற்றியதும் வளைகுடா நாட்டுச் சம்பாத்தியமே. ஆனால் போகும் வழி நேரான வழியாயிருக்க வேண்டும்.

2022-ம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை, கை நிறையச் சம்பளம் என்ற வார்த்தையை நம்பி நம் நாட்டு வாலிபர் பலர் புறப்பட்டார்கள். அவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோய் அடைத்து, இணையத்தின் வழியாகப் பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யும்படி வதைத்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். அவ்வருஷம் செப்டம்பரில் மத்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் மீட்கப்பட்ட சிலர் சென்னை வந்து சேர்ந்தார்கள். போனவர்கள் படிக்காதவர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். படிப்பு மட்டும் ஒருவரை ஏமாற்றத்திலிருந்து காப்பாற்றாது. விசாரிக்கும் பழக்கமே காப்பாற்றும்.

ஆகவே யாராவது வெளிநாட்டு வேலை என்று வந்தால் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்:

முதலாவது, ஆள் சேர்ப்பவர் 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா? பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

இரண்டாவது, எவ்வளவு கேட்கிறார்? பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி. வரியும் மட்டுமே. அதற்கும் ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது, எந்த விசா? "சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்ற சொல் காதில் விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

நான்காவது, போன இடத்தில் பாஸ்போர்ட்டைக் கேட்டால் என்ன செய்வது? 1967-ம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின்படி அது இந்திய அரசின் சொத்து. அதை முடக்கி வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமையில்லை. அதன் நகலும் ஒப்பந்தத்தின் நகலும் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.

தமிழக அரசே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. செவிலியர், ஓட்டுநர், தொழில்நுட்பத் தொழிலாளர் முதலானோரை அது வெளிநாட்டு வேலைகளுக்கு அனுப்பி வருகிறது. தெரு முனையில் விசாரிக்கும் முன் அங்கே விசாரியுங்கள்.

4. கையெழுத்துப் போடும் முன்

தனியார் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சந்தோஷம்! ஆனால் சந்தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

நியமன உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தொழிலாளருக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கின்றன. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கிடைக்க வேண்டும். வேலையை விட்டு விலகினால் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளம் தர வேண்டும்.

சம்பளக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். "வருஷத்துக்கு மூன்று லட்சம்" என்றால் மாதம் 25,000 கையில் வரும் என்று பல வீடுகளில் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அப்படியல்ல. கம்பெனி நமக்காகச் செலவிடும் மொத்தத் தொகையே அது. உதாரணமாக, அதில் அடிப்படைச் சம்பளம் 12,500 என்று கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்குக் கம்பெனியின் பங்கு 12 சதவீதம், அதாவது 1,500 ரூபாய், பெரும்பாலும் அந்த 25,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். நமது பங்கு 1,500 பிடிக்கப்படும். பணிக்கொடைக்கு ஏறக்குறைய 600 ஒதுக்குவார்கள். கையில் வருவது 21,000 சொச்சமே. பிடிக்கும் பணம் வீண் போகவில்லை, பிற்காலத்துக்குச் சேர்கிறது. ஆனால் கைக்கு வருவதை அறியாமல் 25,000-ஐ நம்பி வாடகையும் தவணையும் பேசிவிட்டால் முதல் மாதமே கடன்தான்.

வைப்பு நிதிக்குரிய 12 இலக்க எண்ணை வாங்கி, பணம் மெய்யாகவே கட்டப்படுகிறதா என்று மாதந்தோறும் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டானால் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், கம்பெனியின் பங்கு 3.25 சதவீதம். அந்தச் சொற்பத் தொகை வீட்டார் அனைவருக்கும் வைத்தியம் தரும். அதை வேண்டாமென்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலைத் திரும்ப வாங்கி வாருங்கள். "இரண்டு வருஷம் விலக மாட்டேன், விலகினால் இவ்வளவு கட்டுவேன்" என்ற பத்திரம் நீட்டப்பட்டால், ஒரு நாள் தவணை கேட்டு, விவரமறிந்த ஒருவரிடம் காட்டிய பின் கையெழுத்துப் போடுங்கள். நேர்மையான முதலாளி ஒரு நாள் காத்திருப்பார்.

5. காத்திருக்கும் காலத்தில்

விலைக்கு வாங்கவும் கூடாது, வேலையும் வரவில்லை. அப்போது என்ன செய்வது? சும்மா இருக்கக் கூடாது.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பியுங்கள். போட்டித் தேர்வுகளுக்கு அங்கே இலவசப் பயிற்சி வகுப்புகள் நடத்தப்படுகின்றன. தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் உண்டு. அரசுத் தேர்வுக்கு இத்தனை முறைதான் எழுதுவேன் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வயதில் தொடங்கி முப்பத்தைந்து வரை அதற்கென்றே உட்கார்ந்துவிடுவது நல்லதல்ல. பக்கத்தில் ஒரு சம்பாத்தியமும் இருக்கட்டும்.

கைத்தொழிலை இழிவாக எண்ணாதீர்கள். பட்டம் வாங்கிய பிள்ளை ஐ.டி.ஐ.யில் மின்சார வேலையோ குளிர்சாதன வேலையோ கற்றால் அக்கம்பக்கத்தார் சிரிப்பார்களே என்று பயப்படுகிறோம். 1961-ம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் தொழிற்சாலைகளில் உதவித்தொகையோடு பழகும் வழியும் இருக்கிறது. 1955-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் தேதியைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தினார். தச்சுப் பட்டறையை நடத்தியவரைப் பீடத்தில் வைத்து வணங்கும் நாம், நம் வீட்டில் உளியும் ரம்பமும் எடுக்கும் பிள்ளையைக் கண்டு தலை குனியலாமா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குப் பரிமாறும்போது அடுத்த வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தைப் பேசாதீர்கள். அவனுடைய தோல்வியை அவன் உங்களைவிட நன்றாக அறிவான். பெண் பிள்ளைக்கு வேலை தாமதமானால், "கல்யாணத்தைப் பண்ணிவிடலாம்" என்று அதையே பரிகாரமாகச் சொல்லாதீர்கள். வாலிபருக்கும் ஒரு வார்த்தை. எங்கே போகிறீர்கள், யாரிடம் பேசுகிறீர்கள், யார் பணம் கேட்டார்கள் என்பதை வீட்டில் மறைக்காதீர்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவன் சொன்னால், அதையே முதலில் சொல்லுங்கள்.

குடும்பத்தில் ஆலோசிக்க

1. நம் வீட்டில் வேலை தேடுபவரிடம் இவ்வாரம் நாம் பேசிய பேச்சு அவரைத் தேற்றிற்றா, நொறுக்கிற்றா?

2. யாராவது வேலைக்காகப் பணம் கேட்டிருக்கிறார்களா? அவரிடம் எந்தெந்தக் கேள்விகள் கேட்க வேண்டும்?

3. சம்பாதிக்கும் நம் வீட்டாரின் சம்பளச் சீட்டை எல்லோரும் ஒருமுறை வாசித்திருக்கிறோமா?

இவ்வார நிர்ணயம்

கோவில் வாசலில் "ஏதாவது கிடைத்ததா?" என்று இனிக் கேட்க வேண்டாம். நமக்குத் தெரிந்த நேர்மையான வேலை ஒன்றைப் பற்றிய செய்தியோடு அந்தப் பிள்ளையிடம் போவோம். செய்தி ஒன்றும் இல்லையானால், "சாப்பிட்டாயா தம்பி?" என்று கேட்போம். அதுவும் உதவியே.