சர்வருக்கு முதலில் எந்தப் பூட்டு?

லினக்ஸ் சர்வர் ஒன்று இணையத்தில் ஏறிய சிறிது நேரத்திலேயே அதன் கதவு தட்டப்படத் தொடங்கிவிடும். உபுண்டுவில் ஆத்.லாக் கோப்பைத் திறந்தால் ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயரை மாற்றி மாற்றி ஏதோ ஒரு நிரல் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டிருப்பது வரிவரியாகத் தெரியும். இதற்கு வழக்கமாக மூன்று வழிகள் சொல்வார்கள்: எஸ்எஸ்ஹெச்சின் போர்ட்டை 22இலிருந்து மாற்றுவது, ஃபெயில்2பேன் போடுவது, கடவுச்சொல்லை நிறுத்திவிட்டுச் சாவிக்கு மாறுவது. மூன்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முதல் இரண்டும் தட்டுபவரின் வேகத்தைத்தான் குறைக்கும். மூன்றாவதோ ஊகித்து நுழையும் வழியையே அடைத்துவிடும்.

போர்ட்டை மாற்றினால் லாக்கில் இரைச்சல் குறையும், அவ்வளவே. எல்லாப் போர்ட்டையும் துழாவும் நிரலுக்குப் புது எண்ணும் அகப்பட்டுவிடும். மாற்றத்தான் வேண்டுமென்றால் 1024க்குக் கீழே ஓர் எண்ணை எடுங்கள். அதற்கு மேலுள்ள போர்ட்டில் ரூட் உரிமை இல்லாத நிரலும் உட்கார முடியும். ஃபெயில்2பேன், இயல்பு அமைப்பில், 10 நிமிடத்துக்குள் 5 முறை தவறும் முகவரியை 10 நிமிடம் தடுக்கிறது. ஆயிரக்கணக்கான முகவரிகளிலிருந்து ஆளுக்கு இரண்டு முறை முயன்றால் அந்தக் கணக்கு நிரம்புவதே இல்லை.

சாவிக்கு ஈடி25519 வகை போதும். 2014இல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 6.5இலேயே வந்துவிட்டது. சாவி இருக்கும் மடிக்கணினி திருடுபோனால் என்ன செய்வது என்று கேட்பது நியாயம். சாவிக்குக் கடவுத்தொடர் வையுங்கள்; தொலைந்த சாவியின் வரியை சர்வரிலிருந்து நீக்குங்கள். வெளியே மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்துக்கு, பழைய இணைப்பை மூடாமல் வேறொரு முனையத்தில் நுழைந்து பார்ப்பதே மருந்து. பலர் சறுக்குவது இன்னொரு இடத்தில். முதன்மை அமைப்புக் கோப்பில் 'பாஸ்வேர்ட்ஆத்தென்டிகேஷன் நோ' என்று எழுதியிருப்பார்கள். கிளவுட் உபுண்டுவிலோ 50-கிளவுட்-இனிட் என்ற துணைக்கோப்பு 'யெஸ்' என்று வைத்திருக்கலாம். துணைக்கோப்பே முன்னால் படிக்கப்படுகிறது; முதலில் படிக்கப்படும் மதிப்பே செல்லும் என்பதால் கதவு திறந்தே கிடக்கும். 'எஸ்எஸ்ஹெச்டி -டி' கட்டளையில் பெரிய எழுத்து 'டி' கொடுத்து, உண்மையில் நடப்பில் உள்ள மதிப்பைப் பார்த்துவிடுங்கள்.

சாவியும் தோற்றிருக்கிறதே என்ற மறுப்பு வலுவானது. டெபியனில் 2006இல் நுழைந்து 2008இல் கண்டறியப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் பிழையால், ஒவ்வொரு வகைச் சாவிக்கும் அளவுக்கும் ஏறத்தாழ 32,768 சாத்தியங்களே இருந்தன. 2024 ஜூலையில் வெளியான, ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் 'ரெக்ரெஸ்ஷன்' ஓட்டையோ உள்நுழைவுக்கு முன்பே தாக்க இடம் கொடுத்தது. அங்கே சாவிக்கு வேலையே இல்லை. இவை கடவுச்சொல்லுக்குத் திரும்பக் காரணமாகா. சாவிக்கு அடுத்தபடியாகத் தானியங்கிப் புதுப்பிப்பை வைக்கச் சொல்கின்றன. அது ஓடும் சேவையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர், அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸில் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, மற்றவற்றைக் கையால் செய்யலாம். கெர்னலுக்கு அதுவும் போதாது: சர்வரை மறுபடி தொடங்கும்வரை, லைவ்பேட்ச் போன்ற ஏற்பாடு இல்லாத இடத்தில், பழைய கெர்னலே ஓடிக்கொண்டிருக்கும்.