கருங்கடல் ஒப்பந்தமும் நம் கடை எண்ணெயும்

2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிய வேகத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. நம் நாடு இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அதுவரை உக்ரைனிலிருந்து வந்தது. பிப்ரவரி 24 அன்று ரஷ்யா அந்நாட்டின் மீது படையெடுத்ததும் ஒடெசா துறைமுகம் முடங்கியது. வாடிக்கையாளர் காரணம் கேட்டது என்னவோ நம்மிடம்தான்!

பிற நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது 1945-ல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனத்தின் விதி. அதைக் காக்க வேண்டிய பாதுகாப்புச் சபையில் ரஷ்யாவுக்கே வீட்டோ அதிகாரம் உண்டு. மறுநாளே கண்டனத் தீர்மானத்தை அது வீழ்த்திவிட்டது. மார்ச் 2-ல் பொதுச்சபையில் 141 நாடுகள் கண்டித்தன. இந்தியா, சீனா உட்பட 35 நாடுகள் வாக்களிக்கவில்லை. மார்ச் 16-ல் சர்வதேச நீதிமன்றம் படை நடவடிக்கையை நிறுத்தச் சொன்னது. நிற்கவில்லை. உத்தரவு உண்டு, ஜப்தி செய்ய அமீனா இல்லை.

இது மக்களாட்சி இல்லாத வல்லரசுகளின் குற்றம் மட்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். தென்சீனக் கடல் பற்றிய 2016 நடுவர் தீர்ப்பைச் சீனா தள்ளியது உண்மை. ஆனால் 1986-ல் நிகரகுவா வழக்கின் தீர்ப்பை அமெரிக்காவும் ஏற்கவில்லை. 2003-ல் பாதுகாப்புச் சபையின் அனுமதி இல்லாமலே இராக்கில் நுழைந்தது. பெரியவர் மீறியதைக் காட்டித்தான் அடுத்தவர் மீறுகிறார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கள்ள எடைக்கல் வைத்திருப்பவர் எடையே வேண்டாம் என்பதில்லை. தன் கல்லே சரி என்று சாதிப்பார். ரஷ்யாவும் சாசனத்தின் 51-வது பிரிவைக் காட்டி, தன் செயல் தற்காப்பு என்றே ஐ.நா.வுக்கு எழுதியது.

சட்டம் நிற்காத இடத்தில் தரகு நின்றது. 2022 ஜூலை 22-ல் இஸ்தான்புல்லில் கருங்கடல் தானிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ரஷ்யாவும் உக்ரைனும் ஒரே காகிதத்தில் கையெழுத்திடவில்லை, துருக்கியுடனும் ஐ.நா.வுடனும் தனித்தனியே இட்டன. கப்பல்களை நான்கு தரப்பு ஆட்களும் சேர்ந்து சோதித்தனர். சுமார் 3.3 கோடி டன் உணவுச் சரக்கு வெளியேறியது. 2023 ஜூலை 17-ல் ரஷ்யா விலகிக்கொண்டது. அதன் பின் உக்ரைன் தன் கரையை ஒட்டி ருமேனியா பக்கமாகத் தனி வழி வகுத்துக்கொண்டது.

குண்டு விழ வேண்டியதில்லை. விழலாம் என்றாலே போர் அபாய இன்ஷூரன்ஸ் கூடும். கப்பல்காரர் அதை வாடகையில் ஏற்றுவார், இறக்குமதியாளர் சரக்கில் ஏற்றுவார். நமக்கு வரும் பில்லில் அதற்குத் தனி வரி கிடையாது.