வீட்டுக்குத் தெரியாத கல்யாணம்: கடற்கரையில் படமெடுப்பது எப்படி?

வீட்டில் சம்மதம் இல்லை, கடற்கரையில் நாலைந்து நண்பர்களை வைத்துக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம், படமெடுத்துத் தருவீர்களா என்று ஒரு ஜோடி கேட்டால், லென்ஸைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். விஷயம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. நம் விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த முருகேசனும் கண்ணகியும் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்தார்கள். சாதி வேறு என்பதற்காக ஜூலையிலேயே இருவரையும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்க 2021 ஆயிற்று, அதை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2025-ல்.

எனவே முன்பேச்சில் சில விஷயங்களை முடித்துவிடுங்கள். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 நிரம்பியிருக்கிறதா என்று அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள். இருவரிடமும் தனித்தனியாகப் பேசி, விருப்பத்தோடுதான் வருகிறார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். கேமராவிலும் போனிலும் ஜிபிஎஸ்ஸையும், படங்கள் தானாக இணையத்தில் ஏறும் வசதியையும் அணைத்துவிடுங்கள். உதவியாளர் ஸ்டேட்டஸ் வைக்கக்கூடாது.

இடம் தேட வேண்டும். விருத்தாசலத்திலிருந்து கடலூர் சுமார் 60 கிலோமீட்டர். தேவனாம்பட்டினம் சில்வர் பீச் அழகானது, ஆனால் காலையிலேயே நடைப்பயிற்சிக் கூட்டம் இருக்கும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் உள்ள சாமியார்பேட்டை அதைவிட மேல். மீனவர்கள் கேட்டால் போட்டோ எடுக்கிறோம் என்று சொன்னால் போதும், பெயர், ஊர் வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானத்தை நம்பி நாள் குறிக்காதீர்கள்.

நம் கரையில் சூரியன் கடலில் உதிக்கிறது, மாலையில் நிலத்தின் பக்கம் மறைகிறது. இதனால் விடியற்காலைதான் நல்லது. உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே மணலில் நில்லுங்கள். ஏசி காரிலிருந்து எடுத்த லென்ஸ் கடல் காற்றுப் பட்டதும் பனி பிடிக்கும், பையிலேயே சற்று நேரம் விட்டுவையுங்கள். சூரியன் எழுவதற்கு முந்தைய மென்வெளிச்சத்தில் ஜோடியைக் கடலைப் பார்த்து நிற்கவைத்தால் முகத்தில் நிழலே விழாது. எழுந்தபின் அவர்களைக் கரைப்பக்கம் திருப்புங்கள். அந்த நேரத்தில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், பெண்ணின் கூந்தல் முகத்தில் விழாமல் பின்னால் பறக்கும். வெள்ளை வேட்டியின் மடிப்பு வெளுத்துப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து, முகத்துக்கு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையால் வெளிச்சம் கொடுங்கள். கறுத்த முகத்தை எடிட்டிங்கில் வெளுக்க வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்த நிறத்தோடு அவர்கள் ஒருவரையொருவர் விரும்பியிருக்கிறார்கள்.

பட்டுப் புடவையை உப்புத் தண்ணீரில் நனைய விட்டால் ஜரிகை கெடும். பருத்தி உடுத்தச் சொல்லுங்கள்.

சடங்கில் எதைத் தவறவிடக்கூடாது என்பதைச் சட்டமே சொல்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் 1967-ல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவின்படி புரோகிதர் தேவையில்லை. உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில் ஏற்றுக்கொண்டதாகச் சொல்வது, மாலையோ மோதிரமோ மாற்றுவது, தாலி கட்டுவது ஆகியவற்றில் ஒன்று போதும். ஊரறிய அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. மாலை மாற்றும் நொடியில் ஜோடியும் சாட்சிகளின் முகங்களும் ஒரே ஃபிரேமில் வரும்படி 35 மி.மீ. லென்ஸில் ஒரு படம் கட்டாயம் வேண்டும். பின்னால் பிரச்சினை வந்தால் அந்தப் படம் துணை நிற்கும். அதனால் கேமராவின் தேதி, நேரம் சரியாக இருக்கட்டும். 7-ஏ பிரிவு இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். மதம் வேறென்றால் சிறப்புத் திருமணச் சட்டமும் அதன் 30 நாள் நோட்டீஸும் உண்டு, வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாலியை நெருங்கி எடுக்க நம்மூர்ப் பீங்கான் கிண்ணம் ஒன்று கொண்டுபோங்கள். வெள்ளைப் பளபளப்பில் மஞ்சள் கயிறும் பொன்னும் தனியாகத் தெரியும். நேர் வெயில் பட்டால் விளிம்பில் வெள்ளைப் பொட்டு எரியும், உங்கள் நிழலிலேயே வைத்து எடுங்கள்.

கிளம்பும் முன் இருவரையும் வெள்ளைத் துணி முன் நிறுத்திப் பாஸ்போர்ட் அளவுக்குத் தனித்தனியாக எடுத்துவிடுங்கள், பதிவு அலுவலகத்தில் கேட்பார்கள். திருமணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. படங்களை இரண்டு பென்டிரைவில் போட்டு, ஒன்றை ஜோடியிடமும் இன்னொன்றை அவர்கள் நம்பிச் சொல்லும் ஒருவரிடமும் கொடுங்கள். உங்கள் ஆல்பத்தில் ஒரு படம் வைக்கவேண்டுமானாலும் அவர்களே கூப்பிட்டுச் சரி என்று சொல்லும்வரை பொறுங்கள்.