முரண்டு செய்யும் பழைய மோட்டார் சைக்கிள்

அறவே ஓடாமல் நின்றுவிட்ட யந்திரத்தைப் பழுது பார்ப்பது அத்துணைக் கடினமன்று. தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் வரவில்லை. இரண்டில் எது என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஓடிக்கொண்டே முரண்டு செய்யும் யந்திரம்தான் உடையவரின் பொறுமையையும் பணத்தையும் ஒருங்கே சோதிக்கும். காலையில் ஒழுங்காகக் கிளம்பும், சிறிது தூரம் சென்றதும் திணறும், சைலன்சரில் வெடிக்கும், பட்டறைக்குக் கொண்டு சென்றால் ஒரு குறையும் இல்லாததுபோல் ஓடும்.

கடத்தூர்ப் பக்கத்து வெற்றிலை விவசாயிக்கு இது சிறு தொல்லை அன்று. கொடிக்காலில் கிள்ளிய இலை வாடுமுன் சந்தைக்குச் சேர வேண்டும். பாவுக்கு நூல் கொண்டுவரப் புறப்பட்ட நெசவாளர் வழியில் நின்றுவிட்டால் அன்று தறியும் நிற்கும். அவசரத்தில் யாரேனும் சொல்லும் உதிரி பாகத்தை வாங்கி மாட்டுகிறோம். அது பலிக்காவிட்டால் இன்னொன்று. நாம் பார்த்த ஒரு வண்டிக்குப் புதிய கார்புரேட்டரும், பின்னர் புதிய இக்னிஷன் காயிலும் மாட்டியிருந்தார்கள். குறை இருந்ததோ, இவை இரண்டினும் விலையில் மிகக் குறைந்த கண்டென்சரில். ஆகவே, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதும் ஓட்டிப் பார்ப்பது, குறை தெரியுமுன் எதையும் வாங்காதிருப்பது என்ற ஒழுங்கை அங்கத்தினர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

பாடத்துக்கு 350 சி.சி. புல்லட்டை எடுத்துக்கொள்வோம். 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் கூடி என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அதன் பின் திருவொற்றியூரில் பல்லாண்டு உருவாகி வந்த வண்டி இது. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். சிலிண்டர் ஒன்றே ஆதலால், ஒரு பொறி தவறினாலும் ஈடுசெய்ய வேறு துணை இல்லை. நான்கு வீச்சு யந்திரமாகையால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிகிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடும்போது விநாடிக்கு 25 பொறிகள், ஒன்றும் பிசகாமல், உரிய கணத்தில் விழ வேண்டும். மைசூரில் 1961 முதல் 1996 வரை உற்பத்தியான ஜாவா, யெஸ்டி வண்டிகள் இரு வீச்சு யந்திரம் கொண்டவை. அவற்றில் டேப்பெட் கிடையாது. பொறியையும் பெட்ரோலையும் பற்றி இங்குக் கூறுவன அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஸ்பானரை எடுக்குமுன் காதைக் கொடுத்துக் கேட்பது நலம். சைலன்சரில் வெடித்தால், சிலிண்டரில் எரியாத கலவை வெளியே சென்று எரிகிறது என்று பொருள். பொறி தவறியிருக்கலாம், அல்லது சைலன்சர் குழாயின் மூட்டில் காற்று நுழையலாம். கார்புரேட்டர் வழியே தும்மினால், கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கலாம், அல்லது உள்வால்வு சரியாக மூடாமலிருக்கலாம். திணறலுடன் கரும்புகையும் வந்தால் பெட்ரோல் மிகுதி. இப்பக்கத்துச் செம்மண் புழுதியில் ஓடும் வண்டிக்குக் கரும்புகை கண்டால் முதலில் ஏர் பில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்; பலருக்கு வேலை அத்துடன் முடிந்துவிடும்.

அடுத்தது பிளக். கறுத்து உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. பளபளப்பான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் மேலேறுகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது அதிகச் சூடு. செங்கல் நிறமே நலம் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டுடன் நாட்டில் நின்றுவிட்டபடியால், அந்த நிறம் இப்போது அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. வெளிர் பழுப்பாக இருந்தாலே போதும். பொறியைச் சோதிக்கும்போது பிளக்கின் உடல் சிலிண்டர் ஹெட்டைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். ஆனால் பிளக் துளைக்கு அருகில் வேண்டாம், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும். பஞ்சும் நூல் கழிவும் கிடக்கும் தறித் திண்ணையில் இச்சோதனை கூடவே கூடாது.

பழைய புல்லட்டில் முரண்டுக்குப் பெரும்பாலும் இருப்பிடம் பாயிண்ட் பெட்டிதான் என்பது நம் கருத்து. கார்புரேட்டர் கண்ணுக்கு எதிரில் இருப்பதால் எல்லாரும் அதையே திருகுகிறார்கள்! பாயிண்ட் முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதைக் கண்ணால் மதிப்பிட இயலாது. பீலர் கேஜ் கொண்டே அளக்க வேண்டும். கேமில் உராயும் நார்க்கட்டைக் குதி தேயத் தேய இடைவெளி குறையும். பொறி தாமதித்து விழும். வண்டி இழுவை குன்றிச் சூடேறும். இடைவெளி மிகுந்தால் பொறி முந்தி விழும்; கிக்கர் காலை உதைக்கும். கேமில் அரிசியளவு கிரீஸ் தடவினால் குதியின் ஆயுள் கூடும். அதற்கு மேல் தடவினால் கிரீஸ் பாயிண்டில் தெறித்துப் புதிய குறையை உண்டாக்கும்.

ஹெட்லைட்டின் மேலுள்ள ஆம்ப் மீட்டரை இங்கே நல்ல சாட்சியாகக் கொள்ளலாம். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். முள் அசையவே இல்லையெனில் பாயிண்ட் அழுக்கேறியிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது பாட்டரி ஓய்ந்திருக்கலாம். எப்போதும் சாய்ந்தே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது ஒயரோ கண்டென்சரோ உடலைத் தொட்டு ஷார்ட் ஆகிறது. சோதனை முடிந்ததும் சாவியை மூடிவிட வேண்டும். இல்லையேல் காயில் சூடேறும், பாட்டரி இறங்கும்.

இனி, மிகுந்த குழப்பம் தரும் ஒரு நோயைப் பார்ப்போம். வண்டி நன்றாகக் கிளம்பி, சில கிலோமீட்டர் சென்று, திணறி நிற்கிறது. கால் மணி நேரம் மரநிழலில் நிறுத்தினால் மறுபடியும் ஓடுகிறது. இதற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று, சூட்டில் தளரும் கண்டென்சர். மற்றொன்று, பெட்ரோல் டாங்கு மூடியின் காற்றுத் துளையில் அடைப்பு. துளை அடைபட்டால் டாங்கினுள் காற்று புகாது, பெட்ரோல் இறங்காது, நிழலில் நிற்கும்போது எங்கேனும் சிறிது காற்றுக் கசிந்து உள்ளே செல்ல, வண்டி பிழைத்துக்கொள்ளும்.

இவற்றைப் பிரித்தறியக் காசு செலவில்லை. திணறத் தொடங்கியவுடன் வண்டியை ஓரங்கட்டி மூடியைத் திறவுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் ஒலி கேட்டு, வண்டி உடனே சீராக ஓடினால் குறை மூடியில். ஓர் ஊசியால் துளையைத் துப்புரவு செய்தால் போதும். மூடியைத் திறந்தும் பயனில்லை, திணறலும் படிப்படியாக வராமல் திடீர் வெடிப்புடன் வருகிறது என்றால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். பாயிண்ட் மூடியைக் கழற்றி இருட்டில் யந்திரத்தை ஓட விட்டால், கெட்ட கண்டென்சர் உள்ள வண்டியில் பாயிண்டுகளுக்கிடையே பெரிய நீலப் பொறி அடிப்பது தெரியும். பாயிண்ட் முகமும் விரைவில் கருகிக் குழி விழும். மாற்றுவதற்கு ஒரு நல்ல கண்டென்சரைக் கருவிப் பையில் வைத்திருப்பது விவேகம்.

இவை யாவும் சரியென்று கண்ட பிறகே கார்புரேட்டருக்குக் கை போக வேண்டும். அடிக்கிண்ணத்தைக் கழற்றி அதிலுள்ளதை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக நிற்கும். 2023 முதல் நம் நாட்டில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகி வருகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும்; பழைய ரப்பர் வாஷர்களைப் பாதிக்கும்; டாங்கில் நெடுநாள் படிந்த கசடைக் கரைத்து ஜெட்டுக்குக் கொண்டு சேர்க்கும். பழைய வண்டியை மாதக்கணக்கில் டாங்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைப்பது இப்போது முன்னிலும் கெடுதல். ஜெட்டைக் காற்றால் ஊதியே துப்புரவு செய்ய வேண்டும். கம்பி நுழைத்தால் துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள மூட்டில் காற்றுக் கசிகிறதா என்றறிய, ஓடும்போது மூட்டைச் சுற்றிக் கனத்த கிரீஸை அப்பிப் பாருங்கள். ஒலி மாறினால் கசிவு அங்கேதான். மிக்கார்ப் கார்புரேட்டரின் காற்றுத் திருகைத் தொடுமுன், அது மூடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, சூடேறிய யந்திரத்தில் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, மிகச் சீராக ஓடும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

டேப்பெட்டை இரவெல்லாம் குளிர்ந்த யந்திரத்தில், காலையில் பார்ப்பதே முறை. பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் நிற்கும்போது புஷ் ராடு இரண்டும் விரலால் எளிதில் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. வெளிவால்வின் ராடு இறுகியிருந்தால் அவ்வால்வு முழுதும் மூடாது கருகத் தொடங்கும்.

இத்தனைக்குப் பின்னும் முரண்டு தீராவிட்டால் அழுத்தத்தைச் சோதியுங்கள். நல்ல யந்திரத்தில் கிக்கர் உச்சியருகில் காலை எதிர்த்து நிற்கும். எதிர்ப்புக் குன்றியிருந்தால் பிளக் துளை வழியே ஒரு சிறு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடியும் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பு மீண்டால் தேய்ந்தது பிஸ்டன் ரிங்கு. மீளாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இரண்டும் பட்டறை வேலைதான். எனினும் எதைக் கழற்ற வேண்டும் என்பதை அப்போது நாமே மெக்கானிக்கிடம் சொல்லலாம். இதுவரை சோதித்தவற்றை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொடுத்தால் அவர் அவற்றை மறுபடியும் கழற்றிக் கூலி கேட்க இடமிராது.