நோன்பும் சர்க்கரையும்: உடலின் சமநிலையை அறிவோம்

 

ரமலான் நெருங்கும்போது நம் வேங்கிக்கால் வீடுகளில் எழும் கேள்வி ஒன்று உண்டு: "சுகர் இருக்கிறது, நோன்பு வைக்கலாமா?" இதற்கு விடை காண, நோன்பு நேரத்தில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

ஒரு தேக்கரண்டி சர்க்கரை

பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் கரைந்திருக்கும் சர்க்கரை மொத்தமே 5 கிராம் அளவுதான், ஒரு தேக்கரண்டி. ஆனால் மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு மேல் செலவழிக்கிறது. அப்படியிருக்க, ஸஹர் முதல் மஃரிப் வரை சுமார் 13 மணி நேரம் உடல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

நாம் சாப்பிட்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது சர்க்கரையைத் தசைகளுக்கு அனுப்பி, ஒரு பகுதியைக் கல்லீரலில் சேமிக்கச் செய்கிறது. பசி நேரத்தில் இன்சுலின் குறைந்து, குளுகோகான் என்ற சுரப்பு கூடுகிறது. உடனே கல்லீரல் தன் சேமிப்பைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. கல்லீரலின் இந்த வேலையை 19-ஆம் நூற்றாண்டில் கண்டறிந்தவர் பிரான்ஸ் நாட்டு அறிஞர் கிளாட் பெர்னார்ட். நம் முயற்சி எதுவுமின்றி இந்தச் சமநிலையை உடலில் அமைத்துத் தந்தவன் அல்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்!

மாத்திரைக்கு நோன்பு தெரியாது

சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போதாது. அல்லது சுரந்தாலும் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் மாத்திரையும் ஊசியும். ஆனால் கணையம் பசியறிந்து இன்சுலினைக் குறைப்பதுபோல மாத்திரையால் குறைக்க முடியாது. இன்சுலின் ஊசியும், கிளைபென்கிளமைடு, கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரைகளும் வெறும் வயிற்றிலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். மெட்பார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், பேச்சுக் குழறல் ஆகியவை சர்க்கரை இறங்குவதன் அடையாளங்கள். அசர் நேரத்தில் இவை வந்தால், "இன்னும் கொஞ்ச நேரம்தானே" என்று பொறுத்திருப்பது ஆபத்து. நினைவு தப்பலாம், உயிருக்கே கேடாகலாம்.

செய்ய வேண்டியவை

• ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் அவரே மாற்றித் தரட்டும். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.
• வீட்டிலேயே சர்க்கரையைப் பரிசோதியுங்கள். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களில் பெரும்பாலோர் கருத்து.
• அளவு 70-க்குக் கீழ் இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்.
• இறங்கியிருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.
• ஸஹரைத் தவற விடாதீர்கள். இஃப்தாரில் ஒன்றிரண்டு பேரீச்சம்பழமும் அளவான நோன்புக் கஞ்சியும் போதும்; சர்பத், சமோசா வேண்டாம்.

சிறு வயதிலிருந்தே இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை உள்ள கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்பவர்கள், அண்மையில் சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து மிக அதிகம். இவர்கள் நோன்பைத் தவிர்ப்பதே நல்லது.

சலுகையும் மார்க்கமே

நோயாளிக்கான சலுகையை அல்லாஹ்வே அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களில் வழங்கியிருக்கிறான். குணமாகக் கூடியவர் பின்னர் களா செய்யலாம். தீராத நோயுள்ளவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா நிறைவேற்றலாம். உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்பதை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு வைக்க இயலாத வாப்பாவையோ உம்மாவையோ வீட்டில் யாரும் குறையாகப் பேச வேண்டாம். ஈமானில் குறைவு என்று எண்ணி அவர்கள் மனம் வருந்த நாம் காரணமாகிவிடக் கூடாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அந்தப் பணியாளரிடம் நோன்பு பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள்; ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்று ஆலோசனை பெறுங்கள்.

உடல் நமக்கு அமானிதம். அதைப் பேணி, இயன்றவரை வணங்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.