குழியை மூட வேண்டியவர் யார்?



தம்பி, மாத்தளைத் தோட்டங்களில் டெங்கு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பதும், அதன் முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கிடப்பதும் நம் இருவருக்கும் பாடம். அவற்றை விட்டுவிடுகிறேன். என்னைக் கோபப்படுத்திய இடங்கள் இரண்டு.

முதலாவது, தொடக்கம். எகிப்தின் மேல் வந்த வாதைகளை நினைவூட்டி, டெங்கு நம் மக்களின் அலட்சியத்துக்குக் கிடைத்த தண்டனை என்று முடித்திருக்கிறீர்கள். காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு இதை வாசித்துக் காட்டுவீர்களா? ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பேனா எழுதக்கூடாத வசனம் இது.

வேதத்தில்தான் தொடங்க வேண்டுமென்றால், அந்த வாதைகள் வரும் அதே யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரத்துக்குப் போயிருக்கலாம். ஒருவன் குழியைத் திறந்தோ வெட்டியோ மூடாமல் விட்டு, அதில் மாடோ கழுதையோ விழுந்தால் குழிக்காரனே ஈடு கட்ட வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. யூத ரபிமார் அந்தச் சில வரிகளை வைத்துத் தலைமுறை தலைமுறையாக வாதாடினார்கள். நம் மாத்தளை அலுவிகாரையில் பௌத்தரின் திரிபிடகம் ஏடேறியது போல, வாய்ப்பாடமாக வந்த அந்த வாதங்களைக் கி.பி. 200 அளவில் யூதா ஹநாசி மிஷ்னாவாகத் தொகுத்தார். அதன் பாபா கம்மா பகுதி சேதத்தின் மூலங்கள் நான்கு என்று தொடங்குகிறது. அவற்றில் ஒன்று குழி.

அவர்கள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். எவ்வளவு ஆழமிருந்தால் குழி உயிரைக் கொல்லும்? பத்துக் கையகலம். மூடி போட்டும் அது சரியான மூடி இல்லையென்றால்? குழிக்காரன் பொறுப்பு. குழிக்கு இரண்டு பங்காளிகள், முதலாமவன் மூடாமல் கடந்து போனான், பின்னால் வந்த இரண்டாமவனும் மூடவில்லை, யார் பொறுப்பு? இரண்டாமவன். வீட்டுக்காரரையும் அவர்கள் சும்மா விடவில்லை. புது வீட்டு மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு என்கிற உபாகமச் சட்டத்தை வைத்து, கடிநாயையும் ஆட்டங்கண்ட ஏணியையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்றார் ரபி நாத்தான். ஆபத்தைத் திறந்து வைத்தவர் யார், மூடும் அதிகாரம் யார் கையில் என்று தேடிப்போன வாசிப்பு அது. டெங்குக் குழிக்குப் பத்துக் கையகலம் தேவையில்லை. ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும்.

பங்காளிகளின் குழியை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஒரு தோட்டம். லயத்துக்கு ஒரே குழாய், அதிலும் காலையில் மட்டும் தண்ணீர். வாசலுக்கு வாசல் பீப்பாய், பீப்பாய்க்குள் நெளியும் குடம்பி. கொட்டச் சொன்னபோது ஒரு பாட்டி கேட்டார்: “ஐயா, இதக் கொட்டிப்புட்டா நாளைக்குப் புள்ளைக்கு என்னத்தக் குடுக்கிறது?” தோட்ட நிர்வாகத்திடம் போனேன், பிரதேச சபையைக் காட்டினார்கள். சபையிடம் போனேன், சட்டத்தைக் காட்டினார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிக்கக் குறுக்கே நின்ற காலம் அது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதுவரை இரு பங்காளிகளும் குழியைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். அந்தப் பாட்டியை அலட்சியக்காரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கும் வரக்கூடாது.

நமது மாவட்டத்தின் கிழக்கெல்லையில், எலஹெரப் பக்கம், மாணிக்கக்கல் தேடி வெட்டிக் கைவிட்ட குழிகளில் மலேரியா நுளம்பு பெருகியதும் இதே கதைதான். கல்லை எடுத்தவர் போய்விடுவார், காய்ச்சல் ஊராருக்கு. அங்கே குழிகளிலேயே குடம்பிக்கு மருந்து இட்டுப் பார்த்தார்கள். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது என்றால், ஊர் ஊராகக் காய்ச்சல்காரரையும் நுளம்பையும் விடாமல் தேடிப்போன உழைப்புத்தான் காரணம்.

இரண்டாவது கோபம், புகை. கட்டுரையில் ஒரு பக்கம் முழுக்கப் புகையடிப்பு. புகை பறக்கிற நுளம்பைக் கொல்லும். பீப்பாயில் கிடக்கும் குடம்பியை ஒன்றும் செய்யாது. ஒரு வாரம், பத்து நாளில் அடுத்த கூட்டம் பறக்கும். 2017இல் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்குச் சந்தேக நோயாளர்களாகப் பதிவானார்கள். 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். புகை அந்த ஆண்டும் அடித்தோம். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டமும் 2007இலிருந்து கையில் இருந்தது. வீட்டு வாசலில் சிவப்பு நோட்டீசு எழுதுவது சுலபம். அதே நோட்டீசைப் பெரிய இடத்தில் நீட்டுகிறவரே நல்ல பரிசோதகர்.

இனி, உங்கள் கட்டுரையின் இறப்பர் சிரட்டைப் பத்தி. பால் வெட்டு நின்ற மாதங்களில் மரத்துக்கு மரம் சிரட்டை நிமிர்ந்து கிடக்க, மழைநீர் தேங்கிக் குடம்பி வளர்வதை எழுதி, கவிழ்த்து வைக்கும் வேலைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, நமது துறையில் யாரும் தமிழில் இப்படி எழுதி நான் வாசித்ததில்லை. அந்தப் பழைய ரபிமார் கேட்ட கேள்வியை, அவர்களை வாசிக்காமலே கேட்டுவிட்டீர்கள்.

ஆகவே தொடக்கத்தை வெட்டி எறியுங்கள். சிரட்டையிலிருந்து ஆரம்பியுங்கள். குடம்பி கண்ட ஒவ்வொரு இடத்துக்கும் நேரே, அதை மூடியிருக்க வேண்டியவர் யார் என்று எழுதுங்கள். தோட்டமென்றால் தோட்டம், சபையென்றால் சபை, வீட்டுக்காரரென்றால் வீட்டுக்காரர். எழுதியதைப் பத்திரிகைக்குக் கொடுக்குமுன் நிர்வாகத்துக்கும் சபைக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புங்கள்.